மடிப்பு வண்டியும் மடியின்மையும்

2022ஆம் ஆண்டு யூன் மாத இறுதியிலே காலி வீதி கண்ட காட்சியை வெள்ளவத்தை வாசிகள் எளிதில் மறக்கமாட்டார்கள். எரிபொருள் நிலையங்களின் முன்னே வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையாய் நின்றன. யூன் 28 முதல் யூலை 10 வரை அத்தியாவசியச் சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என அரசாங்கம் அறிவித்தது. மோட்டார் வண்டியின்றி வெளிக்கிளம்பாதவரும் துவிச்சக்கரவண்டி தேடி அலைந்தனர். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தார் கற்ற பாடத்தைத் தலைநகரும் அன்று கற்றது.

வண்டி கிடைத்தபின் மற்றொரு வினா எழுந்தது. இதை எங்கே வைப்பது? தொடர்மாடியின் நான்காம் மாடியிலா? கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கையிலா? கோட்டைக்குச் செல்லும் காலைப் புகையிரதத்தின் நெரிசலிலா? இவ்வினாவுக்கு மேனாட்டார் கண்ட விடையே மடிக்கும் துவிச்சக்கரவண்டி. அதன் வரலாற்றை நோக்கின், அதன் அமைப்புகளுட் பல, நெருக்கடியின் குழந்தைகள் என்பது புலனாகும்.

முதலில் அதை வேண்டியது போர்க்களம். 1890களில் பிரெஞ்சுப் படையின் கப்டன் ஜெரார் என்பார் பெயரால் ஒரு வண்டி புகழ்பெற்றது. அதன் சட்டம் நடுவிலே மடியும். பாதை கரடுமுரடானால் சிப்பாய் அதை மடித்து முதுகிற் சுமந்து செல்லலாம். இரண்டாம் உலக மகாயுத்தத்தில் பிரித்தானியாவின் பி.எஸ்.ஏ. தொழிற்சாலை, விமானத்திலிருந்து குதிக்கும் வீரர்க்கென மற்றொன்றை அமைத்தது. இரு பிணைச்சல்களும் முறுக்காணிகளும் கொண்ட அவ்வண்டியின் நிறை ஏறத்தாழ 32 இறாத்தல்.

அதே யுத்தத்தில் மலாயாவில் நிகழ்ந்ததோ வேறு. 1941 டிசெம்பரில் அங்கு புகுந்த யப்பானியப் படையினர் பல்லாயிரவர், மடிப்பு ஏதுமற்ற சாதாரண வண்டிகளிலேறித் தெற்கே விரைந்தனர். ரயர் வெடித்தால் வெறும் விளிம்பிலே ஓட்டினர். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவில் உத்தியோகம் பார்த்த நம்மவர் குடும்பங்கள் அறிந்த கதை இது. தரைவழியே செல்வோனுக்கு மடிப்பு வேண்டியதில்லை. சுமந்து செல்ல வேண்டியவனுக்கே அது வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

யுத்தம் முடிந்தபின் எண்ணெய்த் தட்டுப்பாடு அவ்விடத்தை எடுத்துக்கொண்டது. 1956இல் சுயெஸ் நெருக்கடியால் இங்கிலாந்தில் பெற்றோல் பங்கிடப்பட்டபோது துவிச்சக்கரவண்டியைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கிய அலெக்ஸ் மோல்டன், 1962இல் சிறு சில்லு வண்டியை வெளியிட்டார். அது மடியாது, ஆயினும் காற்றழுத்தம் மிக்க ரயரும் இறப்பர் வில்லமைப்பும் இருப்பின் சிறு சில்லும் விரைந்தோடும் என நிறுவியது. 1970களின் எண்ணெய் நெருக்கடி கலிபோர்னியாவில் வாழ்ந்த டேவிட் ஹொன் என்னும் பௌதிகவியலாளரைத் தூண்டியது. 1982இல் டாஹொன் நிறுவனம் பிறந்தது. இலண்டனில் அன்ட்ரூ ரிச்சி, ஹரி பிக்கர்ட்டன் ஆக்கிய அலுமினிய வண்டியைக் கண்டு, இதனினும் நன்றாய்ச் செய்யலாமென 1970களின் நடுப்பகுதியில் தம் அறையிலேயே முயன்றார். அவ்வறையின் எதிரே நின்ற தேவாலயத்தின் பெயரே வண்டிக்கும் பெயராயிற்று: புரொம்டன்.

இவற்றுள் எது சிறந்தது? டாஹொன் வகைகள் பெரும்பாலும் நடுவே இரண்டாய் மடிவன. மடிப்பு எளிது, 20 அங்குலச் சில்லாதலின் குழி விழுந்த வீதியையும் ஓரளவு தாங்கும். ஆனால், மடித்தபின் இடம் சற்று அதிகம் வேண்டும். புரொம்டனோ மூன்றாய் மடிவது. பின்சில்லு அடியிலே சுருண்டு வர, முன்சில்லு பக்கத்தே வந்தமரும். ஏறத்தாழ 23 அங்குல நீளமும் 22 அங்குல உயரமும் 11 அங்குல அகலமுமாக ஒடுங்கிவிடும். எண்ணெய் படிந்த சங்கிலி இரு சில்லுகளுக்குமிடையே மறைவதால் வெள்ளை வேட்டிக்கும் பயமில்லை. ஆயினும் 16 அங்குலச் சில்லு பள்ளத்தை நன்றாய் உணர்த்தும், விலையும் அதிகம்.

ஆகவே, புகையிரதமேறுபவருக்கு மூன்று மடிப்பு. வீதியிலேயே நெடுந்தூரம் ஓடுபவருக்கு இரண்டு மடிப்பு. வீட்டு முற்றத்தில் இடமுள்ளவருக்கு நம் பழைய றலி வண்டியே போதும். எதை வாங்கினும், ஏறுமுன் பிணைச்சலின் பூட்டை ஒருமுறை சரிபார்த்தல் நன்று. மடிப்பு வண்டியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

வள்ளுவர் மடியின்மைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். வண்டி மடியலாம், ஓட்டுபவனிடம் மடி கூடாது. பெற்றோல் வரிசை மறைந்ததும் துவிச்சக்கரவண்டியை மூலையிற் சாத்திவிட்ட இளைஞர் நம்மிடையே எத்தனை பேர்? அடுத்த நெருக்கடி சொல்லிக்கொண்டு வராது. இன்றே தூசு தட்டுவோம்.