வலி என்னும் காவற்காரன்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஐயங்கார்குளத்தில் நடவாவிக் கிணறு என்று ஒன்று உண்டு. சித்திரா பௌர்ணமியன்று காஞ்சி வரதராசப் பெருமாள் அங்கு எழுந்தருள்வார். அன்றையக் கூட்டத்தில் இடம் பிடித்து, கல் தரையில் ஒரு மணி நேரம் சம்மணமிட்டு உட்கார்ந்து பாருங்கள். எழுந்திருக்கும்போது கால் உங்களுடையதாகவே இராது, கிள்ளினாலும் தெரியாது. சிறிது நேரத்தில் எறும்பு ஊர்வது போலவும் ஊசி குத்துவது போலவும் இருக்கும். பிறகு சரியாகிவிடும்.

இது நோய் அன்று. உடலின் எடை நரம்பையும், அதற்கு இரத்தம் தரும் நுண்குழாய்களையும் அழுத்திவிட்டது. செய்தி கொண்டு செல்லும் கம்பி சற்று நேரம் வேலை செய்யவில்லை. அழுத்தம் நீங்கியதும் நரம்பு ஒழுங்கில்லாமல் துடிக்கிறது. அதையே நாம் ஊசி குத்துவதாக உணர்கிறோம்.

ஆனால் மரத்துப்போனது மரத்தபடியே இருந்துவிட்டால் என்ன ஆகும்? இக்கேள்விக்கு உலகம் விடை கண்ட வரலாற்றில் நம் பகுதிக்கும் பங்கு உண்டு. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. ஐயங்கார்குளமும் திருமணியும் 2019 வரை ஒரே மாவட்டத்தில் இருந்த ஊர்கள்.

தொழுநோய் ஒரு கிருமியால் வருவது என்பதை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-இல் கண்டறிந்தார். இக்கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவது. ஆகவே, தோலையும் தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளையும் அது தாக்குகிறது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தது போல் 'சுரீர்' என்கிறதல்லவா? அங்கு ஓடும் நரம்பு அவ்வளவு மேலாக இருக்கிறது. தொழுநோய் தாக்கும் முக்கிய நரம்புகளில் அதுவும் ஒன்று.

நரம்பு கெடுவது தெரிந்திருந்தது. எனினும் நோயாளியின் விரல்கள் குட்டையாகிப் போவது ஏன் என்பது தெளிவாகவில்லை. நோயே சதையை அழுகச் செய்கிறது என்று பொதுமக்கள் மட்டுமன்றி மருத்துவர்கள் பலரும் நம்பினர். அழுகும் கைக்கு அறுவை மருத்துவம் செய்து என்ன பயன் என்று விட்டுவிட்டனர்.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கிலேயர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன் அவரைத் திருமணிக்கு அழைத்துச் சென்று காட்டினார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பிராண்ட் பற்றி, முடிந்தவரை அழுத்தச் சொன்னார். பிடி இரும்பாக இறுகியது. வலியால் துடித்தவர் மருத்துவரே! நோயாளிக்கோ, தாம் எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலப்பட்டன. முன்கையின் தசைகள் நல்ல வலிமையுடன் இருக்கின்றன. அப்படியானால் அவற்றைக் கொண்டு விரல்களை மீண்டும் இயக்க முடியும். இம்முறையில், நல்ல தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவை மருத்துவத்தைப் பிராண்ட் 1948-இல் தொடங்கினார். இரண்டாவது உண்மை இன்னும் பெரியது. உணர்வில்லாத கை தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது.

வேலூரில் துருப்பிடித்த பூட்டு ஒன்றைப் பிராண்டால் திறக்க முடியவில்லை. நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கித் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலில் இரத்தம் சொட்டியது; சாவி எலும்பு வரை வெட்டியிருந்தது. அவனுக்கு அது தெரியாது. சூடான பாத்திரம், மண்வெட்டிப் பிடி, பீடி நெருப்பு, இரவில் விரலைக் கடிக்கும் எலி என இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு காயம். வலிக்காத காயத்தை யாரும் கவனிப்பதில்லை. அது சீழ் வைத்து, எலும்பு சிறிது சிறிதாகக் கரைந்து, விரல் குட்டையாகிறது. விரல் அழுகி விழுவதில்லை. காவற்காரன் இல்லாத வீடு கொள்ளை போகிறது, அவ்வளவே.

காலைப் பற்றியும் இவ்வாறே கணக்கிட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ளவர் 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு பாதத்தை ஊன்றி நிற்கும்போது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.6 கிலோ எடைதான் இறங்குகிறது. அவ்வெடையில் பத்தில் ஒரு பங்கு மட்டும் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுள்ள கல்லின் முனையில் இறங்கினால், அங்கு அழுத்தம் 6 கிலோ, அதாவது பத்து மடங்கு. நாம் உடனே காலை மாற்றி வைப்போம். நெடுந்தூரம் நடக்கும்போதும், ஓரிடம் நோவு கண்டால் நம்மை அறியாமலே நடையைச் சற்று மாற்றிக்கொள்கிறோம். மரத்த கால் அப்படிச் செய்வதில்லை. புண்பட்ட இடத்திலேயே ஆயிரம் முறை மிதிக்கிறது.

விசையைக் குறைக்க முடியாவிட்டால் பரப்பைக் கூட்ட வேண்டும் என்பது பள்ளிப் பாடம். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் தொடங்கிய ஆராய்ச்சி மருத்துவமனையும் வேலூர்க் கல்லூரியும் இதைச் செருப்பில் செய்து காட்டின. நுண்ணறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர், பாதத்தின் வடிவுக்கேற்ப அமுங்கி எடையைப் பரப்பிவிடுகிறது. நீரிழிவால் கால் மரத்தவர்களுக்கு மருத்துவர்கள் இன்று எழுதித் தரும் எம்.சி.ஆர். செருப்பு இதுவே. 1966-இல் அமெரிக்கா சென்ற பிராண்ட், தொழுநோயாளியின் பாதத்திலிருந்து கற்றதை அங்கு நீரிழிவு நோயாளிகளுக்கும் பயன்படுத்தினார்.

திருமணி மருத்துவமனை 1955-இல் மத்திய அரசின் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாயிற்று. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை மாத்திரை உண்டால் தொழுநோய் முழுமையாகக் குணமாகும். மருந்து தொடங்கியதுமே பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடுகிறது. மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். எனினும், தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டும் சட்ட விதிகள் 2019-இல்தான் நீக்கப்பட்டன. மருந்து வந்த வேகத்தில் மனம் மாறவில்லை. மாத்திரை கிருமியைக் கொல்லும். நெடுநாள் கெட்டுவிட்ட நரம்பை மீட்காது. அஞ்சி மறைக்கும் ஒவ்வொரு மாதமும் இழப்புத்தான்.

கை கால் மரத்தாலே தொழுநோய் என்று அஞ்சிவிட வேண்டா, காரணங்கள் பல. இரண்டு பாதங்களும் காலுறை போட்டது போல் மரத்தால் நீரிழிவு, வைட்டமின் பி12 அல்லது பி1 குறைவு, மதுப்பழக்கம் முதலியவற்றை ஆராய வேண்டும். கட்டைவிரல் முதல் மூன்று விரல்கள் இரவில் மரத்தால், மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டிருக்கலாம். முதுகிலிருந்து ஒரு கால் வழியே இறங்கினால் முதுகெலும்பின் வட்டு பிதுங்கியிருக்கலாம். நிறம் வெளிறியோ சிவந்தோ உணர்வற்ற தேமல் இருந்தால் தொழுநோய்க்குப் பரிசோதனை தேவை. திடீரென உடலின் ஒரு பக்கம் மரத்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது மூளைத் தாக்கு. ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

வலியை நாம் பகையாகவே எண்ணிப் பழகிவிட்டோம். அடுத்த முறை சம்மணமிட்டு எழுந்ததும் காலில் ஊசி குத்தினால் முகம் சுளிக்காதீர்கள். காவற்காரன் விழித்துக்கொண்டான் என்று பொருள்.