வாச்சாத்தியும் ஈட்டுரிமையும்

மலையடிவார ஊர்களில் வனத்துறையின் கை எத்துணை நீளமானது என்பதை மேட்டுப்பாளையத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தருமபுரி மாவட்டம், அரூர் வட்டம், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள பழங்குடியினர் சிற்றூர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அங்கே புகுந்தனர். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாயினர். வீடுகள் சூறையாடப்பட்டன, கிணறுகள் பாழாக்கப்பட்டன. கொடுமைக்கு உள்ளானவர்களே கைதிகளாகச் சேலம் சிறைக்குச் சென்றனர்.

அரசே தீங்கிழைத்தால் ஈடு யாரிடம் கேட்பது? இவ்வினாவை உலகம் முன்பே கண்டதுண்டு. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் அடிமையாக உழைத்து உயிர்தப்பிய நார்பர்ட் வோல்ஹைம் என்னும் யூதர், தம்மை வேலைவாங்கிய ஐ.ஜி.பார்பன் நிறுவனத்தின்மீது 1951-இல் பிராங்பர்ட் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 'அரசின் கட்டாயத்துக்குப் பணிந்தோம்' என்ற நிறுவனத்தின் வாதம் எடுபடவில்லை. 1953-இல் அவருக்கு 10,000 மார்க் தீர்ப்பாயிற்று. அவ்வொருவர் திறந்த வழியில் ஏனையோரும் நுழைந்தனர். 1957-இல் 3 கோடி மார்க் தர நிறுவனம் இசைந்தது.

இந்தியாவில் இவ்வழி காலந்தாழ்ந்தே திறந்தது. விடுதலைத் தீர்ப்புக்குப் பின்னரும் 14 ஆண்டுகள் பீகார்ச் சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு, 1983-இல் உச்சநீதிமன்றம் தானே ஈடு வழங்கியது. அடிப்படை உரிமை பறிபோன வழக்கில் அரசின் இறையாண்மை என்னும் கேடயம் செல்லாது என 1993-இல் நீலாவதி பெஹரா வழக்கு தெளிவாக்கியது.

வாச்சாத்தி வழக்கை நீதிமன்றம் ஏறச்செய்தவர் மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் அ.நல்லசிவன். உயர்நீதிமன்றம் 1995-இல் புலன்விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர்; தீர்ப்புக்குள் 54 பேர் இறந்தனர். எஞ்சிய 215 பேரையும் தருமபுரி அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று குற்றவாளிகள் என்றது. ஒருவரும் தப்பவில்லை என்பது நம் நீதிமன்ற வரலாற்றில் அரிது.

மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி.வேல்முருகன் ஊருக்கே நேரில் சென்று பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகளைத் தள்ளி, பெண் ஒருவருக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க அரசுக்கு ஆணையிட்டார். அதில் பாதியை வன்புணர்வுக் குற்றவாளிகளிடமிருந்தே பெறவேண்டும் என்றார். இதுவே தீர்ப்பின் உயிர்நிலை. பொதுப்பணத்தில் மட்டும் கொடுத்து முடித்தால் இழைத்தவனுக்கு இழப்பேது? அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை வேண்டுமென்றார்.

அதற்குள் 31 ஆண்டுகள் கடந்திருந்தன. பதினெண்மருள் இறந்துபோனோர்க்குரிய தொகை அவர்தம் குடும்பத்தார்க்கு என எழுதப்பட்டது.