நோன்யா பீங்கான்

ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் ரப்பர் பால் பிடித்த மங்கும் சுட்ட மண்தான். இன்று சேகரிப்போர் பெருவிலை கொடுத்துத் தேடும் நோன்யா பீங்கானும் சுட்ட மண்தான்.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் வாழ் பாபா நோன்யா குடும்பங்கள், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இவற்றைச் சீனாவிலிருந்து தருவித்தன. ஜிங்தெசென் நகரில் வெள்ளைக் களிமண்ணைச் சுமார் 1300 பாகைச் சூட்டில் சுடுவார்கள். பளபளக்கும் அப்பரப்பின்மேல் எனாமல் சாயத்தால் பீனிக்ஸ் பறவையும் பியோனிப் பூவும் தீட்டி, குறைந்த சூட்டில் மறுபடியும் சுடுவார்கள். அந்த ரோஜா நிறம் எதிலிருந்து வந்தது தெரியுமா? தங்கத்திலிருந்து!

வண்ணத் தட்டுகள் கல்யாணம் போன்ற நல்ல காரியங்களுக்கு. துக்க வீட்டில் நீலமும் வெள்ளையும் கலந்த பாத்திரந்தான்.

1930-களின் பொருளாதார மந்தத்திலும், அதன்பின் வந்த ஜப்பானியர் காலத்திலும் பல குடும்பங்கள் நொடித்துப்போய்ப் பரம்பரைச் சாமான்களை விற்றன. தட்டு கைமாறியது, அதில் யார் கல்யாண விருந்து பரிமாறினார்கள் என்ற கதை அத்தோடு போயிற்று. இன்று அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் தட்டு இருக்கிறது, கதை இல்லை.

மாணவச் செல்வங்களே! வீட்டுப் பழைய பித்தளைக் குடத்தை இரும்புக்காரரிடம் போடுமுன், பாட்டியிடம் அதன் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் சரித்திரந்தான்.