கருவியும் கண்ணும்

கொள்கையில் எதிரிகளான இருவருக்கு ஒரே பரிசைப் பங்கிட்டுக் கொடுத்த வேடிக்கை 1906-ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்தது. வைத்தியத்துக்கான நொபெல் பரிசு இத்தாலியரான காமில்லோ கோல்ஜிக்கும், ஸ்பெயின் தேசத்து ஸாந்தியாகோ ராமோன் இ கஹாலுக்கும் கிடைத்தது. கோல்ஜியோ பரிசுச் சொற்பொழிவிலேயே, பங்காளியின் கொள்கை தவறு என்று வாதாடினார். மறுநாள் கஹால் எழுந்து அதே கொள்கையை நிலைநாட்டினார். சரித்திரத்தில் நான் படித்த சண்டைகளுள், ரத்தம் சிந்தாவிட்டாலும் என்னை மிகவும் ஈர்த்த சண்டை இதுதான்.

சண்டை நம் மூளையைப் பற்றியது. உடம்பின் மற்ற உறுப்புகள் தனித்தனி உயிரணுக்களால் ஆனவை என்பது அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. மூளை மட்டும் பிடிகொடுக்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சிக்கெடுக்க முடியாத நூற்கண்டாகத் தெரிந்தது.

சிக்கெடுக்க வழி கண்டவர் கோல்ஜிதான். தீராத நோயாளிகளுக்கான ஆஸ்பத்திரி ஒன்றில் வைத்தியராக இருந்த அவர், சமையலறையை ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். மூளைத் துணுக்கைப் பொட்டாசியம் டைக்ரோமேட்டிலும், பிறகு வெள்ளி நைட்ரேட்டிலும் ஊறப்போட்டார். ஏராளமான அணுக்களில் ஏதோ சில மட்டும் கன்னங்கரேலென்று கறுத்தன. தோப்பு மறைந்து, ஒற்றை மரம் வேரோடும் கிளையோடும் எழுந்து நின்றாற்போல் இருந்தது. இது 1873-ல். ஆனாலும் அணுக்களின் நீண்ட இழைகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வலையாகிவிடுகின்றன என்றே அவர் கடைசி வரை நம்பினார்.

கஹால் சித்திரக்காரராக ஆசைப்பட்ட பையன். வைத்தியரான தகப்பனார் அவரை நாவிதரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் வேலைக்கு விட்டுப் பார்த்தார். கடைசியில் எலும்புகளை வரைய வைத்து வைத்தியத்துக்கு இழுத்தார். 1887-ல் மாட்ரிடில் கோல்ஜி முறைத் துணுக்கு ஒன்றைக் கஹால் கண்டார். மறு ஆண்டு பார்ஸலோனாவில் பறவைக் குஞ்சுகளின் மூளையையும் கருக்களின் மூளையையும் எடுத்துக்கொண்டார். இளம் பருவத்தில் இழைகளுக்குக் கொழுப்பு உறை ஏறியிராது; சாயம் தெளிவாகப் பிடிக்கும். இழை அடுத்த அணுவை நெருங்கி நிற்கிறதே தவிர அதனுடன் கலக்கவில்லை என்பதை அவர் கண்டார். செய்தி வாங்கும் கிளைகள், நடுவே உடல், செய்தி அனுப்பும் நீண்ட ஓரிழை: இவ்வளவும் சேர்ந்து தனி அணு. 1889-ல் பெர்லினுக்குப் போய் அறிஞர்களுக்கு நேரில் காட்டினார். 1891-ல் வால்டையர் அந்த அணுவுக்கு 'நியூரான்' என்று பெயரிட்டார்.

1950-களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் தீர்ப்புச் சொன்னது. அணுக்களுக்கு நடுவே மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இடைவெளி இருந்தது. மின்சாரம் நேரே பாயும் இணைப்புகளும் சில இடங்களில் உண்டென்று பிறகு தெரிந்தது. அங்கும் அணுக்கள் தனித்தனிதான்.

இத்துடன் நிறுத்தினால் கஹால் கதாநாயகன், கோல்ஜி வில்லன் என்று ஆகிவிடும். கதை எழுதுகிற எனக்கு அது சௌகரியம். சரித்திரம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. நியூரான்களைச் சூழ்ந்து 'கிளையா' என்ற துணை அணுக்கள் இருக்கின்றன. அவற்றுள் நட்சத்திர வடிவானவை முன்பே தெரிந்தவை. கஹாலின் சீடர் பியோ டெல் ரியோ ஓர்த்தேகா வேறொரு வெள்ளிச் சாயத்தால் மேலும் இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று சிதைந்தவற்றைத் தின்று சுத்தம் செய்வது; மற்றது இழைகளுக்குக் கொழுப்பு உறை சுற்றுவது. இந்த இரண்டாவது, கஹால் கையாண்ட தங்கச் சாயத்தில் தென்படவில்லை. அவர் அதை ஒப்பவில்லை. வேறு மனக்கசப்புகளும் சேர, 1920-ல் சீடர் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. சீடர் கண்டதே சரி என்பதை இன்று வைத்திய மாணவர் எல்லாரும் அறிவார்கள்.

கோல்ஜியின் கண்ணைக் கொள்கை மறைத்தது. கஹாலின் கண்ணை, கைக்குப் பழகிய சாயம் மறைத்தது. இருவரையும் குறைவாக மதிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருவருக்குத் தெரியாததை அடுத்தவர் கண்டதால் அல்லவா, மண்டைக்குள் இருப்பது இன்னதென்று நமக்கு இவ்வளவாவது தெரிந்திருக்கிறது?