விற்பிடி

புத்தூரிலிருந்து நிலாவரைக் கிணற்றைக் காணச் செல்வோர் தவறாது கேட்கும் கதையொன்றுண்டு. இலங்கையை வென்று மீண்ட இராமபிரான், படையினரின் நீர்வேட்கை தணிக்க அம்பினால் நிலத்தைத் துளைத்தான். அத்துளையே கிணறாயிற்று என்பர். (சுண்ணக்கற் பாறை கரைந்து குடைபட்டதால் அமைந்தது என்பது நிலநூலார் கூற்று, அது நிற்க.) இக்கதையில் அம்பு உண்டு, தோள்வலி உண்டு, வில்லைப் பற்றிய இடக்கையைக் குறித்து ஒரு சொல்லும் இல்லை. ஏகலைவன் கதையிலும் நாம் இரங்குவது நாணிழுத்த வலக்கைப் பெருவிரலுக்கே.

எனினும், விற்றொழில் வல்லார் இடக்கையை மறந்தாரல்லர். வசிட்டர் பெயரால் வழங்கும் தனுர்வேதம் நாண்பிடி ஐந்தெனக் கூறி, வில்லைப் பற்றுங் கையின் நிலை மூன்றெனத் தனியே வகுக்கின்றது. தாழ்ந்த நிலை தொலைவுக்கு. ஒத்த நிலை அசையா இலக்குக்கு. உயர்ந்த நிலை வன்மையாக ஊடுருவுதற்கு. பயன் வேறுபட நிலையும் வேறுபடும். ஆயின் ஒரு பயனுக்கு ஒரு நிலையே உரியது. கை சிறிது பிறழினும் அம்பு வேறிடஞ் செல்லும் என்பதைப் பட்டறிந்தோரே இவ்வாறு வகுத்திருத்தல் கூடும்.

கி.மு. 326இல் சிந்து நதியைக் கடந்த அலெக்சாந்தரின் படையில் இருந்த நியார்க்கசின் குறிப்புகளைத் தழுவி, அரியன் என்னும் ஆசிரியர் இந்திய வில்லாளரை வருணித்துள்ளார். வில் ஆளுயரம், அதனை நிலத்தில் ஊன்றி, இடக்காலால் அழுத்தி நாணை இழுத்தனராம். அத்துணைப் பெரிய வில்லைக் கையொன்றே அடக்குதல் அரிதெனக் கண்டு, நிலத்தையும் காலையும் துணைக்கொண்டனர் போலும்.

நாணடி படாதவாறு இடக்கையிற் கட்டும் தோலுக்கு வடமொழியில் 'கோதா' என்று பெயர். உடும்புக்கும் அதுவே பெயர். கையிற் கட்டுவது உடும்பாயினும், வில்லைப் பற்றுவது உடும்புப்பிடியாதல் ஆகாது. இறுகப் பற்றின் மணிக்கட்டுத் திரும்பும். நாண் விடுபடுங் கணத்தில் வில் முறுகும். அம்பு பக்கஞ் சாயும். பெருவிரலின் அடித்தசையில் வில் தங்க, ஏனைய விரல்கள் தளர்ந்திருத்தல் வேண்டும். 1972இல் மியூனிச் நகரிலே ஒலிம்பிக் விழாவுக்கு மீண்ட இக்கலையில், இன்றைய வில்லாளர் விரலோடு வில்லைப் பிணைத்துச் சிறு வார் கட்டுகின்றனர். வில் நழுவி விழாது என்ற துணிவு பிறந்தாலன்றிக் கை தளராதன்றோ!

எம்மூர்ச் சிறுவர் மூங்கிற் சிம்பை வளைத்து ஈர்க்கம்பு எய்வதுண்டு. அவருள் தனுர்வேதத்தின் பெயரையும் கேட்டிராத ஒருவன், வில்லின் நடுவிலே துணி சுற்றி, அதன்மேற் கரியாற் கோடிட்டிருந்தான். கோடு எதற்கு என வினவினேன்.

"ஒவ்வொரு முறையும் கை அங்கைதான் வரவேணும், சேர்," என்றான்.