முதியோர் விழுதல்: பாறசாலை – நெய்யாற்றின்கரை எல்லையூர்கள்

முதியோர் விழுதல் என்பது, 60 வயது கடந்தோர் தம்மை அறியாமல் நிலைதவறித் தரையிலோ தாழ்ந்த இடத்திலோ வீழ்வதைக் குறிக்கும். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி, விழுந்து இறப்போர் எல்லா வயதிலும் சேர்த்து ஆண்டுக்கு 6,84,000 பேர். விபத்து மரணங்களில் விழுதலுக்கு இரண்டாம் இடம்.

பின்னணி: 1956 மாநிலச் சீரமைப்பில் விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு இணைய, பாறசாலை உள்ளிட்ட நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது; அதனால் இவை எல்லையூர்கள் ஆயின. 2011 கணக்கெடுப்பில் கேரள மக்களில் 12.6 விழுக்காட்டினர் முதியோர். இந்திய அளவில் 8.6.

காரணங்கள்: உடல்சார்ந்தவை தசைத்தளர்ச்சி, கண்புரை, எழும்போது இரத்த அழுத்தம் குறைதல், தூக்க மாத்திரை. சூழல்சார்ந்தவை இருபருவ மழையில் பாசி பிடித்த முற்றத்துப் படி, ஈரக் குளியலறை, காலில் தட்டும் வேட்டி விளிம்பு, தேய்ந்த ரப்பர் செருப்பு.

தடுப்பு: கால்வலுப் பயிற்சி, மருந்து மறுஆய்வு, கண் பரிசோதனை, கழிப்பறையில் கைப்பிடி, இரவு விளக்கு, பாசி நீக்கம்.

உடனடிச் செயல்: விழுந்தவரைச் சட்டென்று தூக்கக் கூடாது. நினைவு, இரத்தக்கசிவு, இடுப்புவலி பார்க்க வேண்டும். ஒரு கால் குறுகி வெளிப்புறம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிவு என்று கருதி, அசைக்காமல் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர் தலையில் அடிபட்டால், காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனை செல்வது கட்டாயம்.

உதவி அமைப்புகள்: பாறசாலை, நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனைகள், ஆஷா பணியாளர்கள், முதியோர் உதவி எண் 14567.

முக்கியத்துவம்: மீண்டும் விழுவோமோ என்ற அச்சம் நடமாட்டத்தைக் குறைக்கிறது, நடமாட்டம் குறைய, தசை மேலும் தளர்ந்து அடுத்த விழுகைக்கு வழிசெய்கிறது.