பிறப்பேட்டின் பூட்டு

கப்பலேறி வந்து நியூயார்க்கில் குடியேறிய ஏழை மக்களின் சந்ததியார்க்கு, அந்நகரில் பிறந்த தம் பாட்டனாரின் பெயர் பதிந்த ஏட்டினும் அரிய பிதிரார்ஜிதம் பிறிதில்லை. அரசாங்கத் தஸ்தாவேஜுகளைக் கேட்டுப் பெறும் பாத்தியதையை நியூயார்க் மாகாணம் 1974-இல் தகவல் சுதந்திரச் சட்டத்தால் குடிமக்களுக்கு வழங்கிற்று எனினும், பிறப்புச் சான்றிதழ்களை வேறு சட்டங்கள் மறைத்துக் காத்தமையால், வம்ச சரித்திரம் தேடுவோர் சிலர் சான்றிதழை விடுத்து அதன் பெயரடைவைக் கோரலாயினர். அவ்வகையில், புரூக் ஷ்ரையர் கான்ஸ் என்னும் பெண்மணி 2015-இல் தகவல் சுதந்திரச் சட்டத்தைத் துணைக்கொண்டு வழக்காடி, 1908 முதல் 1929 வரையிலான நகர விவாக அநுமதி அடைவை, 48 நுண்படச் சுருள்களாக, மறு ஆண்டில் பெற்று எல்லோர்க்கும் பொதுவாக்கினார். உயிரோடிருப்போரின் அந்தரங்கம் காக்கத்தக்கதே. ஆயினும் 2018-இல் நகரச் சுகாதார வாரியம் பிறப்பேடுகளை 125 ஆண்டுகள் மூடிவைக்க விதித்ததை என் மனம் ஒப்பவில்லை. பேரன் முதியவனான பின்னரன்றோ பாட்டனின் ஏடு திறக்கிறது!